பல்லினக் குடும்பமும் உளமருத்துவமும்

முதுகலை மாணவர் ஒருவர், மொழிபெயர்ப்புப் பயிற்சியின்பொருட்டு, ஆங்கில உளவியல் நூல் ஒன்றின் பகுதியைத் தமிழாக்கி எம்மிடம் கொணர்ந்தார். மரியா ரூட் என்னும் அமெரிக்க அம்மையார் இயற்றிய நூல் அது. வெவ்வேறு இனத்தாராகிய பெற்றோர்க்குப் பிறந்த மக்களைப் பற்றியது. மொழிபெயர்ப்பின் நடை செவ்விதாகவே இருந்தது. ஆயினும், அம்மக்களைச் சுட்ட மாணவர் ஆண்டிருந்த சொல் எம்மைத் தடுத்து நிறுத்தியது. 'கலப்பினத்தார்' என்பது அச்சொல். கலப்பினம் என்பதை இன்று நாம் பெரிதும் கேட்பது கால்நடை மருத்துவர் வாயிலும் வேளாண்மை அலுவலர் வாயிலுமே ஆகும். கலப்பினப் பசு, கலப்பின விதை என்பன பெருவழக்கு. மாணவரைக் குறை கூறுதற்கில்லை. வேறு சொல் அவர்க்கு எளிதிற் கிட்டவில்லை. ஆனால், அந்நூலாசிரியர் தம் வாழ்நாள் உழைப்பால் எக்கருத்தை மறுத்தாரோ, அக்கருத்தே அச்சொல்லினுள் ஒளிந்து கிடக்கின்றது. இஃது எவ்வாறு என்று காட்டவேண்டுமாயின், அம்மையாரின் ஆய்வையே ஓரளவு விரித்துரைத்தல் வேண்டும்.

ரூட் அம்மையார் பிலிப்பைன் நாட்டு மணிலா நகரில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். தாமும் பல்லின மரபினர். மருத்துவ உளவியலில் பயிற்சி பெற்று, சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியப் பணி ஆற்றியவர். இவர் தொகுத்த நூல்களுள் இரண்டு இத்துறைக்கு அடிப்படையாய் அமைந்தன. ஒன்று 1992இலும், மற்றொன்று 1996இலும் வெளிவந்தன. பிறர் கட்டுரைகளைத் தொகுத்ததோடு அமையாது, 2001இல் இனங்கடந்த திருமணங்களைப் பற்றித் தாமே தனி நூல் ஒன்றும் எழுதினார். அதன்பொருட்டு ஏறத்தாழ 200 பேரை நேரிற் கண்டு உரையாடினார்.

இவ்வாய்வு எழுந்த நிலத்தின் இயல்பை நாம் மறத்தலாகாது. அமெரிக்காவில் வெள்ளையர்க்கும் பிறர்க்கும் இடையே திருமணம் நிகழ்தல் பல மாநிலங்களிற் குற்றமாக இருந்தது. வர்ஜீனியா மாநிலம் 1924இல் இயற்றிய சட்டம் இவற்றுள் கடுமையானது. அம்மாநிலத்து ரிச்சர்டு லவ்விங் என்னும் வெள்ளையரும், கருப்பின மரபும் அமெரிக்கப் பழங்குடி மரபும் உடைய மில்ட்ரெட் ஜெட்டர் என்னும் நங்கையும் 1958இல் வாஷிங்டன் தலைநகர் சென்று மணந்துகொண்டு ஊர் திரும்பினர். சில கிழமைகளில், நள்ளிரவில் படுக்கையறையிலேயே கைது செய்யப்பட்டனர். ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்த நீதிபதி, 25 ஆண்டுக்காலம் இருவரும் ஒருங்கே மாநிலத்தினுள் வாராதிருப்பின் அத்தண்டனையை நிறுத்திவைப்பதாகக் கூறினார். அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் இவர்கள் வழக்கில் 1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் தீர்ப்பளித்தது. அன்றும் 16 மாநிலங்களில் இத்தகைய தடைச்சட்டங்கள் இருந்தன. அனைத்தும் அன்றே செல்லாதவை ஆயின. எனினும், அலபாமா மாநிலம் தன் அரசமைப்பினின்றும் அச்சொற்றொடரை நீக்கியது 2000ஆம் ஆண்டிலேதான். சட்டம் இறந்த பின்னரும் சொல் முப்பத்துமூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தது போலும்!

சட்டத்திற்கு அரணாக அறிவுலகமும் நின்றது. இராபர்ட் பார்க் என்னும் சமூகவியலார் 1928இல் 'விளிம்பு மனிதன்' என்னும் கருத்தை வெளியிட்டார். இரு பண்பாடுகளின் எல்லையில் நிற்பவன் இரண்டினும் முழுமையாகச் சேராதவன் என்பது அதன் சாரம். பார்க் அந்நிலையில் ஓர் ஆக்கத்தையும் கண்டார்; எல்லையில் நிற்பவன் இருபுறமும் காண வல்லவன் அல்லவா? ஆனால், 1937இல் ஸ்டோன்குவிஸ்ட் அதனை நூலாக விரித்தபோது, அலைக்கழிவும் உளமுரணுமே முன்னின்றன. பின்வந்த பலர், இரு வழி மரபுடைய பிள்ளை இயல்பாகவே உளநலம் குன்றியது என்று கொண்டனர். பிள்ளையின் துன்பத்திற்குக் காரணம் பிள்ளையின் பிறப்பே என்பது இதன் பொருள். துன்புறுத்துவோர் யார் என்னும் வினா எழவே இல்லை.

இவ்விடத்திலேதான் குடும்ப உளமருத்துவம் நமக்குத் துணையாகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், உளமருத்துவர் நோயாளியைத் தனியே இருத்தி, அவர்தம் உள்ளத்தை மட்டுமே ஆராய்ந்தனர். 1950களில் கலிபோர்னியாவில் கிரிகரி பேட்சன் குழுவினரும், பிற இடங்களில் மரி போவன் முதலியோரும் வேறொரு நெறி கண்டனர். குடும்பம் என்பது உறுப்பினரின் தொகை மட்டும் அன்று. ஒருவர் அசைவு அனைவரையும் தாக்கும் ஓர் அமைப்பு. நோய் ஒருவரிடத்து வெளிப்படினும், அதன் வேர் உறவுகளில் இருத்தல் கூடும். எனவே, மருத்துவர் குடும்பத்தார் அனைவரையும் ஒருங்கே அமர்த்தி, யார் யாரிடம் பேசுகின்றனர், யார் பேச்சை யார் இடைமறிக்கின்றனர் என்பனவற்றை நோக்குவர். சால்வடோர் மினுசின் என்பார் 1967இல் நியூயார்க் நகரத்து வறிய குடும்பங்களைப் பற்றிய நூலைப் பிறரோடு சேர்ந்து வெளியிட்டு, இந்நெறியைச் செல்வர் இல்லங்களினின்றும் சேரிக்குக் கொணர்ந்தார். 1982இல் மோனிகா மெக்கோல்ட்ரிக் முதலியோர், குடும்பத்தை ஆராய்வோர் அதன் மரபினத்தையும் கருதல் வேண்டும் என்று வற்புறுத்தினர். அந்நூல் ஒவ்வொரு மரபினத்திற்கும் ஓர் இயல் வகுத்துச் சென்றது. நன்று, ஆயின், இரண்டு இயல்களுக்கு ஒருங்கே உரிய குடும்பம் எவ்வியலிற் சேரும்?

ரூட் அம்மையார் இந்நெறியில் தோய்ந்தவர் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். 1986இல் இவர் இருவரோடு சேர்ந்து எழுதிய முதல் நூல் இனத்தைப் பற்றியதே அன்று. அளவின்றி உண்டு பின் தாமே வாந்தியெடுக்கும் நோயுற்ற மகளிரைப் பற்றியது. அந்நோயைப் பெண்ணின் தனிக்குறையாகக் கொள்ளாது, குடும்ப அமைப்பினுள் வைத்து நோக்கியது அந்நூல். இதனை யாம் வலிந்து கூறுதற்குக் காரணம் உண்டு. பல்லின மக்களைப் பற்றிய அம்மையாரின் எழுத்துகளைப் பலர் அரசியல் முழக்கமாகவே படிக்கின்றனர். அவற்றின் அடியில் ஓடுவது மருத்துவரின் கண். 'இவளிடத்து என்ன கோளாறு?' என்று வினவாது, 'இவளைச் சூழ்ந்தோர் இவளை என்ன செய்கின்றனர்?' என்று வினவும் கண் அது.

2001ஆம் ஆண்டு நூலில் இக்கண்ணோட்டம் முழுவளர்ச்சி பெறுகின்றது. இனங்கடந்து மணந்தோரும், அவர்தம் பெற்றோரும், மக்களும் கூறியவற்றைத் தொகுத்து ஆராய்ந்த அம்மையார் கண்ட முடிவு எதிர்பாராதது. ஒரு குடும்பம் அத்தகைய திருமணத்தை ஏற்பதும் மறுப்பதும், பிற இனத்தார்பால் அக்குடும்பத்தார் ஒவ்வொருவரும் கொண்ட விருப்பு வெறுப்பைப் பெரிதும் பொறுத்தன அல்ல. குடும்பம் என்பது யாது, அஃது எதற்காக உள்ளது என்று அவர்கள் கூடிக் கொண்டிருக்கும் கருத்தையே பொறுத்தன. இதனை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை வணிக நிறுவனம். குடும்பங்களை நிறுவன வகைகளோடு ஒப்பிட்டு, மூடிய குடும்பம், திறந்த குடும்பம் என்று பிரிக்கின்றார். மூடிய குடும்பத்தில் பெயர், மதிப்பு, நிறம் ஆகியவை முதலீடு. மக்கள் அம்முதலைக் காக்கக் கடமைப்பட்டவர். திருமணம் என்பது நிறுவனத்தாரின் ஒப்புதல் பெறவேண்டிய ஒப்பந்தம். திறந்த குடும்பத்திலோ புதியவர் வரவு இழப்பாகக் கருதப்படுவதில்லை.

குடும்பத்தைக் கடையோடு ஒப்பிடுதல் முதற்கண் எமக்கும் உவப்பாக இல்லை. எனினும் எண்ணிப் பார்க்குமிடத்து, உவமை கூர்மையானதே. வெறுப்பில்லாத நல்லவர்கள் ஏன் மகளை வீட்டினின்றும் விலக்குகின்றனர் என்னும் புதிரை அது அவிழ்க்கின்றது. அத்தகைய தந்தை அலுவலகத்தில் கருப்பின நண்பரோடு ஒருங்கிருந்து உண்பவராக இருக்கலாம். மகள் அவ்வினத்து ஆடவனை மணக்க விழைந்தவுடன், அவர் தனி மனிதராக நில்லாது நிறுவனத்தின் காவலராக மாறிவிடுகின்றார். அப்போது அவர் வாயில் எழும் வினா ஒன்றே: 'பிள்ளைகளின் கதி என்ன ஆவது?' அம்மையார் தம் நூலில் இவ்வினாவைத் துருவி ஆராய்கின்றார். பிறவாத பிள்ளைகளின்பால் இரக்கம் போலத் தோன்றும் இவ்வினா, உண்மையில் வாயிற்கதவின் தாழ் என்பது புலனாகின்றது. பிள்ளைகள் துன்புறக்கூடும் என்று அஞ்சுவோரே அத்துன்பத்தைத் தருவோராகவும் அமைதல் இதன்கண் உள்ள முரண்.

இந்நூலின் முறையில் ஒரு வரையறை உண்டு. முன்வந்து பேச இசைந்தோரின் கூற்றே இதற்குச் சான்று. மணவாழ்வு முறிந்து வாய்மூடி இருப்போரின் குரல் இத்தகைய ஆய்வுகளில் குறைவாகவே ஒலிக்கும். ஆதலின், இதனைக் கணக்காகக் கொள்ளாது விளக்கமாகக் கொள்ளலே தகும்.

பிள்ளைகளைப் பற்றி அம்மையார் செய்த ஆய்வுகளுள் எம்மைப் பெரிதும் ஈர்த்தது, 1998இல் முதற்கட்ட முடிவுகள் வெளியான உடன்பிறந்தார் ஆய்வு. ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த இருவர் தம்மை வேறு வேறாக உணர்தல் உண்டு. அண்ணன் தன்னைக் கருப்பினத்தான் என்பான். தங்கை தான் இரண்டும் என்பாள். குருதியே இன உணர்வைத் தீர்மானிக்குமாயின், இஃது எங்ஙனம் நிகழும்? தோற்றம், வளர்ந்த தெரு, பள்ளித் தோழர், வீட்டில் நிலவும் அன்பு அல்லது பூசல், இவையெல்லாம் சேர்ந்தே அவ்வுணர்வை ஆக்குகின்றன. இவற்றோடு கொடுமை ஒன்றும் உண்டு. பல்லின இளைஞர் ஒரு கூட்டத்திற் சேர விழையுமிடத்து, அக்கூட்டத்தார் 'நீ உண்மையில் எங்களவன்தானா?' என்று பேச்சையும் உடையையும் இசை விருப்பத்தையும் சோதிப்பர். புதிய மாணவரைப் பழைய மாணவர் வதைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே அம்மையார் இதற்கு ஆளுகின்றார். வதைப்போர் வெள்ளையர் மட்டும் அல்லர். வாயிற்காவல் எல்லாக் கூட்டத்தார்க்கும் பொது.

இனி, இத்தகையோர் தம்மை எவ்வாறு அமைத்துக்கொள்கின்றனர் என்பதற்கு அம்மையார் 1990ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 1996ஆம் ஆண்டு நூலிலும் விடை கூறுகின்றார். இரு புறத்தும் இரு காலும் ஊன்றி நிற்போர் உளர். இடத்திற்கேற்ப ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் நிறுத்துவோர் உளர். எல்லைக்கோட்டையே தம் இருப்பிடமாகக் கொள்வோர் உளர். ஒரு புறத்தே வீடு கட்டிக்கொண்டு, மறுபுறத்திற்கு விருந்தினராகச் சென்று வருவோரும் உளர். பழைய நூலோர் முதலாவதைப் பகற்கனவென்றும், இரண்டாவதை நிலையின்மையென்றும், மூன்றாவதை விளிம்பு நோயென்றும் கூறியிருப்பர். அம்மையார் இந்நான்கனுள் எதனையும் நோயாகக் கருதவில்லை. ஒருவர் தம் வாழ்நாளில் ஒன்றினின்று மற்றொன்றிற்கு மாறுதலும் இயல்பே என்கின்றார். 1996ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்ற, பல்லின மக்களின் உரிமைகள் பன்னிரண்டனைக் கூறும் அவருடைய சாற்றுரை இக்கொள்கையின் பிழிவு. பெற்றோர் தமக்கு இட்ட அடையாளத்தினின்று வேறுபடும் உரிமை, உடன்பிறந்தாரினின்று வேறுபடும் உரிமை, தம் நிலையைப் பேசுதற்குப் புதுச்சொற்களை ஆக்கிக்கொள்ளும் உரிமை என்பன அவற்றுட் சில. இறுதியிற் கூறியது எம்போன்ற மொழிநூலார் கருத்திற் கொள்ளத்தக்கது.

இத்தெரிவுரிமை எல்லார்க்கும் ஒருபடித்தாக வாய்க்குமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. ஐரோப்பிய வழியினரான அமெரிக்கர், தம்மை ஐரிஷ் மரபினர் என்றோ இத்தாலிய மரபினர் என்றோ விரும்பியவாறு கூறிக்கொள்ளலாம். கருநிறத்தார்க்கு அவ்விருப்பம் இல்லை என்று மேரி வாட்டர்ஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1990இலேயே காட்டியுள்ளார். ஒருதுளிக் குருதி இருப்பினும் கருப்பினத்தாரே என்ற பழைய விதி சட்டத்தினின்று நீங்கினும், காண்போர் கண்ணினின்று நீங்கவில்லை. ரூட் அம்மையாரின் எழுத்தில் இத்தடை பேசப்படுகின்றதேனும், சாற்றுரையைத் தனியே படிப்போர் அதனை மறந்துவிடுதல் கூடும்.

அரசின் குடிமதிப்புக் கணக்கிலும் இப்போராட்டம் பதிந்துள்ளது. 1890ஆம் ஆண்டுக் கணக்கில், கருப்பினக் குருதி அரைப்பங்கா, காற்பங்கா, அரைக்காற்பங்கா என்று பிரித்தெழுதக் கணக்கெடுப்போர் பணிக்கப்பட்டனர். ஒருவரின் இனம் யாது என்பதைக் கணக்கெடுக்க வந்தவரே பார்த்து முடிவுசெய்யும் வழக்கம் 1960ஆம் ஆண்டுக் கணக்கு முதலே மாறத் தொடங்கியது. ஒன்றிற்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கும் உரிமை 2000ஆம் ஆண்டிலேதான் கிட்டியது. அவ்வாண்டில் அவ்வாறு குறித்தோர் 68 இலக்கம் பேர், நூற்றுக்கு 2.4 விழுக்காடு. 2020இல் அத்தொகை 3 கோடியே 38 இலக்கம் ஆயிற்று. இவ்வளவு உயர்வும் பிறப்பால் வந்தது அன்று. வினாவின் வடிவமும் விடைகளைப் பதிந்த முறையும் மாறியமையும் காரணம் என்பர். நம் நாட்டாரை அக்கணக்கு நடத்திய வகை நகைப்பிற்குரியது. 1920, 1930, 1940ஆம் ஆண்டுகளில் 'இந்து' என்பது ஓர் இனமாக எண்ணப்பட்டது. 1970இல் இந்தியர் வெள்ளையருள் அடக்கப்பட்டனர். 1980இல் ஆசிய இந்தியர் ஆயினர். மனிதர் அவரே, இனம் மட்டும் அறுபது ஆண்டுகளில் மும்முறை மாறியது.

இவ்வாய்விற்கும் தமிழகத்திற்கும் இடையே அண்மைக்காலத்தில் ஒரு தொடர்பு நேர்ந்தது. 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணைத்தலைவராக இருந்த கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தினர். தந்தை டொனால்டு ஹாரிஸ் ஜமைக்காவில் பிறந்த பொருளியற் பேராசிரியர். பிள்ளைகளை இந்நாடு கருப்பினத்தாராகவே காணும் என்பதை உணர்ந்து, அவ்வாறே தலைநிமிர்ந்து வாழத் தாய் தம்மை வளர்த்ததாகக் கமலா 2019இல் எழுதிய நூலிற் குறிப்பிட்டுள்ளார். அதே கமலா, 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கட்சி மாநாட்டு உரையில், தம் உற்றாரை நிரல்படக் கூறுமிடத்துச் 'சித்தி' என்னும் தமிழ்ச் சொல்லை ஆங்கிலப் பேச்சினிடையே ஆண்டார். ஒரு புறத்தே வீடு, மறுபுறத்தே உறவு என்று ரூட் அம்மையார் கூறிய நிலையோடு இஃது ஒத்துள்ளதன்றோ? 2024ஆம் ஆண்டு ஜூலையில் எதிர்க்கட்சி வேட்பாளராகிய டிரம்ப், இவர் முன்னர் இந்தியராகவே இருந்து பின்னர்த் திடீரெனக் கருப்பினத்தார் ஆகிவிட்டார் என்று பேசினார். ஒருவர் இரண்டாக இருத்தல் இயலாது என்பதே அப்பேச்சின் அடிக்கருத்து. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில், அவர் பாட்டனாரின் ஊர் என்பதனால், கோலமிட்டும் வெடிவெடித்தும் மக்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியைக் குறைகூற எமக்கு மனம் இல்லை. ஆயினும், பெரும்பதவி எய்தாத ஒரு கருநிறப் பேத்தி அவ்வூர்த் தெருவில் வந்து நின்றிருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும் என்று வினவாமல் இருத்தலும் இயலவில்லை.

மாணவரின் சொல்லிற்கு மீள்வோம். 'கல' என்னும் வேர் குற்றமற்றது. கலந்துரையாடல், கலவை, கலவி எல்லாம் அதன் வழியினவே. கலப்படமும் அதன் வழியினதே. கலப்பினம் என்று மனிதரைக் கூறுமிடத்து, முன்னர்த் தூய இனங்கள் இரண்டு இருந்தன என்பது சொல்லாமலே பெறப்படும். இனம் என்பது உடற்கூற்றினால் வரையறுக்கத்தக்க தெளிந்த பிரிவு அன்று என்று அமெரிக்க மானிடவியற் கழகம் 1998இல் அறிவித்தது. தூயது இல்லாதவழிக் கலப்பு எங்ஙனம் உண்டாகும்? நம் இலக்கணமும் இனம் என்பதனை இறுகிய பிரிவாகக் கொள்ளவில்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ககரம் வல்லினம், ஙகரம் மெல்லினம். ஆயினும், பிறப்பிடம் முதலியன நோக்கி ஙகரத்தைக் ககரத்திற்கு இனவெழுத்து என்கின்றோம். ஒரே எழுத்து, நோக்கும் நோக்கிற்கேற்ப இரண்டு இனத்திற்கு உரியதாகின்றது. அதனால் ஙகரத்திற்கு யாதோர் இழுக்கும் இல்லை.

எனவே, 'பல்லினக் குடும்பம்' என்று திருத்துமாறு மாணவர்க்குக் கூறினேம். இஃது யாம் புனைந்த சொல் அன்று. பல்லின மக்கள், பல்லினச் சமுதாயம் என்பன சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர் நாவிலும் இதழ்களிலும் நெடுநாள் வழங்குவன. சிங்கப்பூர் அரசு 2011ஆம் ஆண்டு முதல், இனங்கடந்து மணந்த பெற்றோர் தம் பிள்ளைக்கு இரண்டு இனப் பெயர்களையும் இணைத்துப் பதிய இசைந்துள்ளது. எதனை முன்னர் எழுதுவது என்பதில் வீட்டில் பூசல் நேருமெனின், அதற்குக் குடும்ப உளமருத்துவரே துணை!

மாணவரின் மொழிபெயர்ப்பில் மற்றோரிடமும் எஞ்சியிருந்தது. பல்லின மக்கள் தெருவிலும் கடையிலும் அயலார் வாயினின்று ஓயாது கேட்கும் வினா ஒன்றை ரூட் அம்மையார் எடுத்துக்காட்டுகின்றார். மாணவர் அதனை 'நீ யார்?' என்று பெயர்த்திருந்தார். ஆங்கில வினாவில் உள்ளது 'யார்' என்பதன் பொருள் உடைய சொல் அன்று; 'என்ன' என்பதன் பொருள் உடையது. யார் என்பது உயர்திணை வினா. என்ன என்பது அஃறிணைக்கு உரியது. மனிதரை நோக்கி அஃறிணை வினாவால் வினவுதலே அவ்வினாவின் கொடுமை. ஆகவே, 'நீ என்ன?' என்று எழுதுதலே பொருந்தும் என்றேம். மாணவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர், 'ஐயா, எங்கள் ஊர்ப்பக்கம் புதிதாகக் குடிவந்தவரை 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்று வினவுவார்களே, அதையே எழுதிவிடலாமா?' என்றார். அவ்வினா சாதியைப் பற்றியது. நூலின் வினாவோ இனத்தைப் பற்றியது. ஒன்றற்கு மற்றொன்றை ஈடாக வைத்தால் படிப்போர் மயங்குவர் என்று கூறி, அதனை ஏற்க மறுத்தேம். 'நீ என்ன?' என்பதே அச்சிற் செல்கின்றது. மாணவர் கூறியதனை அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொள்ள இசைந்துள்ளேம்.